பிள்ளையைத் திட்டுமுன் பிளக்கைப் பாருங்கள்



வீட்டிலே ஒரு பொருள் கெட்டுப்போனால், காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுவது நம்முடைய பழக்கம். கடிகாரம் நின்றால் "யார் தொட்டது?" வானொலி பாடாவிட்டால் "யார் திருகியது?" இன்று அந்த மேசையில் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்துகிறோம். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. உடனே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டு விடுகிறார்.

தோட்டத்துத் தாய் ஒருவர் எழுதிய கடிதம் என் முன்னே இருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம். விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"மூத்த மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அவளுக்காக ஓவர்டைம் காசைச் சேர்த்துப் பழைய கணினி ஒன்று வாங்கினோம். போன வாரம் இரவு இடி மழைக்குப் பிறகு அது எழவே இல்லை. தம்பிக்காரன் கேம் விளையாடித்தான் கெடுத்துவிட்டான் என்று அவன் அப்பா அடித்துவிட்டார். அவன் தொடவே இல்லை என்று அழுகிறான். பட்டணத்துக் கடையில் கேட்டால், 'போர்டு போயிருக்கும், வேறு வாங்கிவிடுங்கள்' என்கிறார்கள். மகளுடைய பாடமெல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. நான் என்ன செய்வது?"

இந்தத் தாயைப் போன்ற பலர் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. கையிலிருந்ததைப் போட்டு, இல்லாததற்குக் கடன் வாங்கி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளைப் பலர் வாங்கினார்கள். அன்றே வயதாகியிருந்த அந்தப் பெட்டிகளுக்கு இன்று இன்னும் வயது கூடிவிட்டது. ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல.

கடிதத்தில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பையன் கெடுத்தானா? புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? மகளின் பாடங்கள் போய்விட்டனவா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

பையன் கெடுத்தானா?

கணினியில் விளையாடுவதாலோ, ஏதோ ஒன்றைத் தவறாகத் தட்டிவிடுவதாலோ வருகிற கோளாறு வேறு. மின்சாரம் ஏறாத கோளாறு வேறு. முதல் வகைக் கோளாறில் கணினி கண் விழிக்கும், காற்றாடி சுற்றும், திரையில் ஏதாவது எழுத்து வரும். அதற்குப் பிறகுதான் அது தடுமாறும். விளக்கும் எரியாமல், காற்றாடியும் சுற்றாமல் கிடந்தால், குறை பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. விளையாட்டு அந்த வழியை அடைப்பதில்லை. இடி மழைக்குப் பிறகு எழாத கணினிக்காகப் பையன் வாங்கிய அடி, அவனுக்குச் சேரவேண்டிய அடி அல்ல. அவன் தகப்பனார் இதைப் படிக்க நேர்ந்தால், அவனைப் பக்கத்தில் அழைத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அதன் பிறகு இருவருமாகச் சேர்ந்து கீழே உள்ளவற்றைச் செய்து பார்க்கட்டும்.

வழியைத் தொடர்ந்து போங்கள்

லயத்துக் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? எடுத்த எடுப்பில் குழாயை உடைப்போமா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, வழியில் எங்கேனும் அடைப்பா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவோம். மின்சாரமும் அப்படித்தான். சுவரிலிருந்து பொத்தான் வரை அது நடந்து வரும் பாதையை நாமும் கூடவே நடந்து பார்க்க வேண்டும்.

இரண்டு விதிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒரேயடியாக மாற்றினால், எழுந்த பிறகும் குறை எங்கே இருந்தது என்று தெரியாது. செய்ததையும் கண்டதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த எழுத்து வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

கருகல் வாடை, புகை, வெடிச் சத்தம் இவற்றில் எது வந்திருந்தாலும், அல்லது கணினியைப் போட்டதும் மீட்டர் பெட்டியின் பாதுகாப்பு விசை விழுந்து வீடே இருண்டாலும், மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு நேரே பழுது பார்ப்பவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தொடருங்கள்.

முதலில் சுவர். கணினி செருகியிருந்த அதே இடத்தில் மேசை விளக்கையோ விசிறியையோ செருகிப் பாருங்கள். அது ஓடவில்லையென்றால் கணினிமேல் குற்றமில்லை. ஓடினால், நீட்டிப் பலகையை ஒதுக்கிவிட்டுக் கணினியை நேராகச் சுவரிலேயே செருகிப் பாருங்கள். நீட்டிப் பலகையின் சிறு விசைகள்தாம் பல வீடுகளில் முதலில் தேய்ந்து போகின்றன. எறும்பு புகுந்த விசையும் உண்டு.

அடுத்தது பிளக். நம் நாட்டு மூன்று கால் பிளக்குக்குள் விரல் நுனியளவு ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. பெரிதான சேதம் வராமல் தன்னைக் கொடுத்துக்கொள்ளும் காவற்காரன் அது. இடி மழைக்குப் பிறகு அது போயிருக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு, கால்களுக்கு நடுவே உள்ள சிறு மூடியை நெம்பினால் ஃபியூஸ் வெளியே வரும். அதன்மேல் 3, 5, 13 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அதே எண்ணுள்ள நல்ல ஃபியூஸைப் போட்டுப் பாருங்கள். 5 இருந்த இடத்தில் 13-ஐப் போடக்கூடாது. சிகரெட்டுத் தாளைச் சுற்றிப் போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, வயர். கணினிப் பெட்டியின் பின்புறம் செருகும் வயர், வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டுப் பாதி கழன்றிருக்கும். பார்வைக்குச் செருகியதுபோல் தெரியும். கழற்றி மீண்டும் உறுதியாக அழுத்துங்கள். மானிட்டருக்கு வருகிற வயரும் பல கணினிகளில் இதே வகைதான். மானிட்டர் விளக்கு எரிகிறதென்றால் அதன் வயர் நல்லது. அதைக் கழற்றிக் கணினிக்குப் போட்டுப் பாருங்கள். கணினி எழுந்தால் ஒரு வயரோடு செலவு முடிந்தது. வாங்கும்போது சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, முதுகுப்புறத்து விசை. வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பல பெட்டிகளில் ஒரு சிறு விசை உண்டு. அதில் ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்கும். கோடு என்றால் திறப்பு. வட்டம் என்றால் அடைப்பு. பெட்டியை நகர்த்தும்போது கை பட்டு வட்டத்துப் பக்கம் சாய்ந்திருக்கலாம். மிகப் பழைய பெட்டிகளில் சிவப்பு நிறத்தில் இன்னொரு விசை இருக்கும். அதில் 115, 230 என்று எழுதியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அது 230-லேயே இருக்கவேண்டும். அதை 115-க்குத் தள்ளிவிட்டுப் போட்டால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அதன்மேல் ஒரு பசைநாடா ஒட்டி வைப்பது நல்லது.

ஐந்தாவது, ஓய்வு. இது சிரிப்பாகத் தோன்றும். ஆனால் பல முறை பலன் தரும். மின்சாரம் துள்ளினாலோ, செருகிய சாமான் ஒன்றில் குறை இருந்தாலோ, கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிரிண்டர், பென்டிரைவ், ஒலிபெருக்கி, இணைய வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுவர்ப் பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகு கணினியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து, மின் வயரை மட்டும் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். எழுந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் அது மீண்டும் அடங்குகிறதோ, அதுவே குற்றவாளி.

கண்ணும் காதும் சொல்லும் சாட்சி

இத்தனைக்குப் பிறகும் வேலை செய்யாவிட்டால், பொத்தானை அழுத்தும்போது காது கொடுத்துக் கேளுங்கள். பெட்டியின் பின்னால் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், கணினி எழுந்துதான் இருக்கிறது. நாம் இறந்துவிட்டதாக அழுதுகொண்டிருக்கிறோம்! மானிட்டரின் விசை, அதன் வயர், இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பு இவற்றைப் பாருங்கள். 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால், உள்ளேயுள்ள ரேம் பலகை தளர்ந்திருக்கக் கூடும்.

காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி உடனே நின்றால், உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது. பவர் சப்ளையோ மதர்போர்டோ தன்னைக் காத்துக்கொள்கிறது. மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள்.

ஓர் அசைவும் இல்லையென்றால், பவர் சப்ளை, பொத்தான், மதர்போர்டு இம்மூன்றில் ஒன்று. இவற்றுள் பொத்தானுக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. பவர் சப்ளையைத் தனியாக மாற்றிவிடலாம். மதர்போர்டுதான் செலவு அதிகம் வைக்கும். கடைக்காரர் சொன்ன "போர்டு" இந்த மூன்றில் கடைசி. பெட்டியைக் கண்ணால் பாராமல் கடைசியை முதலில் சொல்லக்கூடாது.

மூடியைத் திறக்கலாமா?

பெரியவர் ஒருவர் துணையிருந்தால் பக்கத்து மூடியைத் திறந்து பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகப் பிடுங்கியிருக்க வேண்டும்; கை உலர்ந்திருக்க வேண்டும்; தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்காமலிருக்க இது உதவும்.

உள்ளே பார்ப்பதற்கு மூன்றுதான். இணைப்புகள் எங்கேனும் கழன்றிருக்கின்றனவா? ரேம் பலகை சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பல்லி, கரப்பான், எறும்புக் கூடு ஏதேனும் இருக்கிறதா? வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி புகுவது நம் ஊர்ப் பக்கம் புதிதல்ல. மின் இணைப்பின் குறுக்கே அது கிடந்து செத்தால் பெட்டியும் கூடவே அடங்கும். மதர்போர்டில் சிறு உருளைகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அது பழுதின் அடையாளம். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் இரும்பால் மூடிய பெட்டி ஒன்று தனியாக இருக்கும். மின் வயர் போய்ச் சேருவது அதில்தான். அதுவே பவர் சப்ளை. அதை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட்டு மாற்று மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர் மின்சாரமாகித் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கக்கூடும். ஆளைக் கொல்லும் வலு அதற்கு உண்டு. கெட்ட பவர் சப்ளையை முழுதாக மாற்றுவார்கள். வீட்டில் வைத்துப் பிரிக்க மாட்டார்கள். "நான் பார்க்கிறேன்" என்று திருப்புளியோடு வருகிற அண்டை வீட்டுத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது

நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். "வயர் மாற்றிப் பார்த்தோம், ஃபியூஸ் மாற்றினோம், எல்லாம் கழற்றிப் பார்த்தோம், ஒரு சத்தமும் இல்லை" என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் யாரும் எளிதில் கதை அளக்க முடியாது. நேர்மையான பழுது பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்; அவர்களுக்கும் உங்கள் குறிப்பு வேலையைக் குறைக்கும்.

மூன்று கேள்வி கேளுங்கள். "வேறொரு பவர் சப்ளையைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தீர்களா?" சில நிமிட வேலை அது, எழுந்தால் மதர்போர்டு பிழைத்தது. "பொத்தானின் வயரைச் சோதித்தீர்களா?" தூசியால் இறுகிப்போன பொத்தானுக்காகக் கணினியையே கழிக்க வேண்டியதில்லை. "வேலைக்கு எத்தனை வெள்ளி, சாமானுக்கு எத்தனை வெள்ளி?" இதைக் கை வைக்குமுன் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்பதும் உங்கள் உரிமை.

மதர்போர்டுதான் போய்விட்டது என்று உறுதியானால், பழைய பெட்டிக்குப் பெருந்தொகை செலவிடாதீர்கள். மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடங்கள் போய்விட்டனவா?

இதைத்தான் அந்தத் தாய் அதிகம் கவலைப்பட்டுக் கேட்டிருந்தார். பெரும்பாலும் போகவில்லை. மகள் எழுதிய பாடமும், குடும்பப் படங்களும் ஹார்டு டிஸ்க் என்ற தனி உறுப்பில் இருக்கின்றன. மின்சாரம் ஏறாமற்போனால் அலமாரியின் பூட்டுத் திறக்கவில்லை என்று பொருள். உள்ளேயுள்ள துணி எரிந்துவிட்டது என்று பொருளல்ல. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுக்கலாம். ஆகவே கணினியைத் தூக்கிப் போடுவதானாலும், பழைய சாமான்காரருக்கு விற்பதானாலும், ஹார்டு டிஸ்கை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை விட்டுக் கொடுப்பது வீட்டுப் பெட்டகத்தைச் சாவியோடு கொடுப்பது போல. இனிமேல் வாரம் ஒருமுறை பாடங்களைப் பென்டிரைவில் படியெடுத்து வைக்க மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வருமுன் காப்பது

நம் நாட்டில் இடிக்குப் பஞ்சமில்லை. வானம் கறுத்ததும் விசையை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். இணைய வயரையும் தொலைபேசி வயரையும் கூடக் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். இடி தலைக்குமேல் வந்துவிட்டால் வயர்களைத் தொடாதீர்கள். கணினியைவிட உயிர் பெரிது.

கணினி செருகிய நீட்டிப் பலகையில் தண்ணீர்க் கெண்டியையும் சோற்றுப் பானையையும் செருகாதீர்கள். 13 ஆம்பியர் பலகை தாங்குவது சுமார் 3000 வாட். கெண்டி ஒன்றே 2000 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடும். கூடவே சோற்றுப் பானையும் சேர்ந்தால் பலகை சூடாகி உருகும்.

இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காகப் பேனாவால் மேல் துளையைக் குத்தித் திறக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்த மேல் துளை தரை இணைப்புக்கானது. கணினியின் இரும்பைத் தொடும்போது 'சுர்' என்று கையில் ஏறினால், அந்தத் தரை இணைப்பு வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறி. பழைய லயங்களிலும் பழைய கடைவீடுகளிலும் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துப் பாருங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பள்ளியில் நாங்கள் அறிவியல் பாடத்தில், கவனித்தல், ஊகித்தல், சோதித்தல், பதிவு செய்தல் என்று படிகளாகச் சொல்லித் தருகிறோம். புத்தகத்தில் படிக்கும்போது பிள்ளைகளுக்கு அது வெறும் சொற்களாக இருக்கும். எழாத கணினியின் முன்னால், தகப்பனார் டார்ச் விளக்கைப் பிடிக்க, பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் "வயர் மாற்றினோம்: இல்லை. ஃபியூஸ் மாற்றினோம்: இல்லை" என்று எழுதும்போது அதே பாடம் உயிர் பெறும். கணினி எழுந்தாலும் எழாவிட்டாலும் பிள்ளைக்கு அது மிச்சம்.

செய்து பார்த்துவிட்டு, எந்தப் படியில் குறை அகப்பட்டது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.